புதுக் கணினிக்கு மாறிய பின் எது ஓடவில்லை? அறிகுறி வாரியாகப் பிழை நீக்கும் வழிமுறை

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்தது. நன்றாக ஓடிக்கொண்டிருந்த கணினியை ஓரங்கட்டிவிட்டு விண்டோஸ் 11 மடிக்கணினி வாங்கியவர்கள் நிறைய. கோப்புகளை ஹார்ட் டிஸ்கில் அள்ளிக்கொண்டு வருவதில் பெரிய சிரமம் இருப்பதில்லை. மறுநாள் வேலையில் உட்காரும்போதுதான் தொல்லை தெரியும். கணக்கு மென்பொருளான டேலி 'எஜுகேஷனல்' என்று காட்டும், பழைய தமிழ் ஆவணம் ஆங்கிலக் கிறுக்கலாகத் திறக்கும், குரோமில் ஒரு கடவுச்சொல்கூட இருக்காது.

ஒரு மென்பொருள் ஒரே ஃபோல்டரில் அடங்குவதில்லை. ஓடும் கோப்புகள் 'புரோகிராம் ஃபைல்ஸ்' ஃபோல்டரில் இருக்கும். உங்கள் அமைப்புகள் 'ஆப்டேட்டா', 'புரோகிராம்டேட்டா' என்ற மறைவான ஃபோல்டர்களில் இருக்கும். எது எங்கே இருக்கிறது என்ற பதிவு ரெஜிஸ்ட்ரியில் இருக்கும். நான்காவது, அந்த இயந்திரத்தோடும் அந்தப் பயனர் கணக்கோடும் பிணைந்த பூட்டு: லைசென்ஸ், கடவுச்சொல் குறியாக்கம், டிஸ்கையே பூட்டும் பிட்லாக்கர். இந்த நான்கில் எது பழைய கணினியிலேயே தங்கிவிட்டது என்பதை அறிகுறியை வைத்தே பெரும்பாலும் சொல்லிவிடலாம்.

விண்டோஸ் 7 காலத்து 'ஈஸி டிரான்ஸ்ஃபர்' விண்டோஸ் 10-இல் இல்லை. இருந்த காலத்திலும் அது மென்பொருளை மாற்றித் தந்ததில்லை, கோப்புகளையும் அமைப்புகளையும்தான் மாற்றியது. மென்பொருளையே பெயர்த்துக் கொண்டுவரும் கட்டணக் கருவிகள் உண்டு. நிறுவல் சிடி தொலைந்துபோய், எழுதிக் கொடுத்தவரும் தொழிலை விட்டுவிட்ட பில்லிங் மென்பொருள் போன்றவற்றுக்கு அவற்றை முயன்று பார்க்கலாம். மற்றவற்றைப் புதிதாக நிறுவி, அமைப்புகளை மட்டும் கொண்டுவருவதுதான் நல்லது. பழைய கணினியின் ஐந்தாறு வருடக் குப்பையையும் சேர்த்துக் குடியேற்றத் தேவையில்லை.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். எல்லாம் வந்துவிட்டது என்று தோன்றும் அன்றே பழைய கணினியை ஃபார்மட் செய்யாதீர்கள். ஒரு மாதக் கணக்கு முடிப்பும் ஒரு ஜிஎஸ்டி தாக்கலும் புதியதில் நடந்து முடியட்டும். மாதத்துக்கு ஒருமுறை மட்டும் தேவைப்படும் சங்கதிகள் அப்போதுதான் வெளியே வரும்.

டெஸ்க்டாப் ஃபோல்டரைக் காப்பி செய்தேன், காலியாக இருக்கிறது

பழைய கணினியில் ஒன்டிரைவ் 'பேக்கப்' இயங்கியிருக்கிறது. அது இயங்கினால் டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ், பிக்சர்ஸ் மூன்றும் இடம் மாறி, யூசர்ஸ் ஃபோல்டரில் உங்கள் பெயருக்குக் கீழே இருக்கும் 'ஒன்டிரைவ்' ஃபோல்டருக்குள் போய்விடும். நீங்கள் காப்பி செய்தது பழைய வெற்றுக் கூடு. உண்மையான டெஸ்க்டாப் ஒன்டிரைவுக்குள் இருக்கிறது.

அதைக் காப்பி செய்வதற்கு முன் ஐகான்களைப் பாருங்கள். மேகக் குறி இருந்தால் அந்தக் கோப்பு உங்கள் டிஸ்கில் இல்லை, பெயர் மட்டுமே இருக்கிறது. இணையம் இல்லாமல் காப்பி செய்தால் பிழை வரும். ஒன்டிரைவ் ஃபோல்டரை வலது சொடுக்கி 'ஆல்வேஸ் கீப் ஆன் திஸ் டிவைஸ்' கொடுத்து, எல்லாம் பச்சை டிக் ஆன பிறகு எடுங்கள். இலவச இடம் 5 ஜிபிதான். அது நிரம்பிய நாளிலிருந்து புதிய கோப்புகள் மேலே ஏறியிருக்காது. ஆகவே புதிய கணினியில் ஒன்டிரைவில் நுழைந்ததும் எல்லாம் தானாக வந்துவிடும் என்று நம்பிப் பழையதை விற்றுவிடாதீர்கள்.

பென்டிரைவில் இடம் இருக்கிறது, ஆனால் கோப்பு பெரிது என்கிறது

பென்டிரைவ் ஃபேட்32 வடிவில் இருக்கிறது. அதில் ஒரு தனிக்கோப்பு 4 ஜிபியைத் தாண்டக்கூடாது. அவுட்லுக் கடிதங்கள் அடங்கிய பிஎஸ்டி கோப்புகளும் கல்யாண வீடியோக்களும் இங்கேதான் மாட்டும். எக்ஸ்ஃபேட் அல்லது என்டிஎஃப்எஸ் வடிவில் ஃபார்மட் செய்துகொள்ளுங்கள். ஃபார்மட் செய்தால் உள்ளே இருப்பது அழியும் என்பது நினைவிருக்கட்டும்.

நேரக் கணக்கு: யுஎஸ்பி 2 துளையில் நொடிக்குச் சுமார் 35 எம்பி கிடைத்தால் 200 ஜிபி ஏற ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். உள்ளே நீலநிறம் தெரியும் யுஎஸ்பி 3 துளை பழைய கணினியில் இருந்தால் அதையே பயன்படுத்துங்கள். சின்னச் சின்னக் கோப்புகள் ஆயிரக்கணக்கில் இருக்கும் ஃபோல்டர் இந்தக் கணக்குக்குள் வராது, இன்னும் மெதுவாகப் போகும். ஒரே ஜிப் ஆக்கிக் கொண்டுபோனால் வேகம் தெரியும்.

பழைய டிஸ்கைக் கழற்றி கேபிளில் மாட்டினால் உள்ளே நுழைய விடவில்லை

இதில் மூன்று வகை உண்டு. மூன்றுக்கும் வைத்தியம் வேறு வேறு.

'உங்களுக்கு அனுமதி இல்லை' என்ற செய்தியும் 'கன்டினியூ' பொத்தானும் வந்தால் பயமில்லை. பழைய பயனர் கணக்கின் உரிமை ஒட்டிக்கொண்டிருக்கிறது, அவ்வளவுதான். 'கன்டினியூ' அழுத்திக் காத்திருங்கள். அதிலும் திறக்காவிட்டால் ஃபோல்டரின் 'ப்ராப்பர்ட்டீஸ்', 'செக்யூரிட்டி', 'அட்வான்ஸ்ட்' என்று போய் 'ஓனர்' என்ற இடத்தில் உங்கள் இப்போதைய பயனர் பெயரைப் போட்டு, உட்ஃபோல்டர்களுக்கும் பொருந்தும்படி டிக் செய்யுங்கள்.

48 இலக்க எண்ணைக் கேட்டால் அது பிட்லாக்கர். நாங்கள் போட்டதே இல்லையே என்பார்கள். மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்த பல மடிக்கணினிகளில் அது தானாகவே இயங்கியிருக்கும். சாவி அந்த மைக்ரோசாஃப்ட் கணக்கின் வலைப்பக்கத்தில், சாதனங்கள் பகுதியில் சேமிக்கப்பட்டிருக்கும். திரையில் தெரியும் 'கீ ஐடி'யின் முதல் 8 எழுத்துகளை வைத்துச் சரியான சாவியை அடையாளம் காணலாம். எந்த மின்னஞ்சலில் கணக்குத் தொடங்கினார்கள் என்பதே தெரியாவிட்டால் வேறு குறுக்குவழி கிடையாது. பழைய கணினி இன்னும் எழுந்து நிற்கிறதென்றால், டிஸ்கைக் கழற்றுவதற்கு முன்பே அதில் குறியாக்கத்தை நிறுத்திவிடுங்கள்.

கோப்பின் மேல் சின்னப் பூட்டுக் குறி தெரிந்து, உரிமையை மாற்றிய பிறகும் 'ஆக்சஸ் டினைட்' வந்தால் அது கோப்புகளைத் தனித்தனியாகப் பூட்டும் இஎஃப்எஸ் குறியாக்கம். பழைய கணக்கின் சான்றிதழை பிஎஃப்எக்ஸ் கோப்பாக ஏற்றுமதி செய்து கொண்டுவந்தால் மட்டுமே திறக்கும். அதற்குப் பழைய கணினி அதன் சொந்தக் கணக்கில் திறக்க வேண்டும்.

காப்பி செய்த மென்பொருள் இரட்டைச் சொடுக்கில் திறக்க மறுக்கிறது

செய்தியின் வாசகத்தைக் கவனியுங்கள்.

'எம்எஸ்விசிபி140' அல்லது 'விசிரன்டைம்140' என்ற டிஎல்எல் கோப்பைக் காணவில்லை என்றால் விஷுவல் சி++ ரீடிஸ்ட்ரிபியூட்டபிள் இல்லை என்று பொருள். மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்து எக்ஸ்86, எக்ஸ்64 இரண்டையும் நிறுவுங்கள். கணினி 64-பிட்டாக இருந்தாலும் 32-பிட் மென்பொருள் எக்ஸ்86 பதிப்பைத்தான் தேடும். டிஎல்எல் கோப்பைத் தனியாகத் தரும் தளங்கள் பக்கமே போகாதீர்கள்.

டாட்நெட் 3.5 கேட்டால், ஸ்டார்ட் மெனுவில் 'விண்டோஸ் ஃபீச்சர்ஸ்' என்று தேடி, அந்தப் பட்டியலில் டிக் செய்தால் இணையம் வழியே இறங்கிக்கொள்ளும்.

'ஸ்டோரிலிருந்து மட்டுமே நிறுவலாம்' என்றால் புதிய கணினி எஸ் மோடில் வந்திருக்கிறது. 'செட்டிங்ஸ்', 'சிஸ்டம்', 'ஆக்டிவேஷன்' போய் வெளியேறலாம். காசு கிடையாது, ஆனால் மறுபடி எஸ் மோடுக்குத் திரும்ப முடியாது. திரும்ப வேண்டிய தேவையும் நமக்கு வராது.

'இந்தச் செயலி உங்கள் கணினியில் ஓடாது' என்று ஒரேயடியாக மறுத்தால் அது பெரும்பாலும் 16-பிட் மென்பொருள். டாஸ் ஃபாக்ஸ்புரோவில் எழுதிய பில்லிங், ஸ்டாக் மென்பொருள்கள் இன்னும் பல கடைகளில் உழைக்கின்றன. 32-பிட் விண்டோஸ் 10-இல் அவை ஓடும். விண்டோஸ் 11-க்கு 32-பிட் பதிப்பே இல்லை. டாஸ்பாக்ஸ்-எக்ஸ் போன்ற போலி டாஸ் சூழலிலோ, மெய்நிகர் கணினியில் 32-பிட் விண்டோஸை நிறுவியோ ஓட்டலாம். திரையில் ஓடிவிட்டது என்று நிம்மதி அடையாமல் டாட்மேட்ரிக்ஸ் பிரின்டரில் ஒரு பில் அடித்துப் பாருங்கள். அங்கேதான் நேரம் பிடிக்கும்.

புதிய கணினியின் பிராசஸர் ஆர்ம் வகையைச் சேர்ந்த ஸ்னாப்டிராகன் என்றால் இன்னொரு சங்கதி இருக்கிறது. சாதாரண மென்பொருள்கள் மாற்றுச் சூழலில் ஓடிவிடும், டிரைவர்கள் ஓடாது. பழைய பிரின்டர், டிஜிட்டல் கையெழுத்து டோக்கன், மென்பொருளோடு வரும் யுஎஸ்பி டாங்கிள் பூட்டு ஆகியவற்றுக்கு ஆர்ம் டிரைவர் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வாங்க வேண்டிய கணினி அது. கணக்கு அலுவலகத்துக்கும் டிடிபி கடைக்கும் இன்டெல், ஏஎம்டி போதும்.

என்னென்ன நிறுவியிருந்தோம் என்பதே நினைவில்லையா? பழைய கணினியில் 'விங்கெட்' கட்டளைக் கருவியின் எக்ஸ்போர்ட் வசதி ஒரு பட்டியலை எழுதித் தரும். புதியதில் இம்போர்ட் கொடுத்தால் அந்தப் பட்டியலில் உள்ளதை எல்லாம் வரிசையாக நிறுவும். அதன் களஞ்சியத்தில் இல்லாதவற்றை விட்டுவிடும், அமைப்புகளையும் கொண்டுவராது. உள்ளூர் மென்பொருள்களுக்கு 'இன்ஸ்டால்டு ஆப்ஸ்' திரையை கைபேசியில் படம் எடுத்து வைத்துக்கொள்வதே எளிது.

தமிழ் ஆவணம் ஆங்கில எழுத்துகளாகத் திறக்கிறது

வேர்டு கோப்பைத் திறந்ததும் ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்று வரிசையாகத் தெரிந்தால் கோப்பு கெட்டுவிட்டது என்று எண்ணிவிட வேண்டாம். பாமினி எழுத்துருவில் 'தமிழ்' என்று அடித்தால் உள்ளே பதிவாவது அந்த ஐந்து குறிகள்தான். எழுத்துரு இல்லாத கணினி உள்ளதை உள்ளபடி காட்டுகிறது. டாப், டாம், டிஸ்கி, வானவில் எல்லாம் இந்த வகைதான். எழுத்துருவைக் கொண்டுவந்தால் ஆவணம் உடனே சரியாகும்.

கொண்டுவருவதில் ஒரு கண்ணி இருக்கிறது. விண்டோஸ் 10-இன் 2018 பதிப்பு முதல், எழுத்துருவைத் திறந்து 'இன்ஸ்டால்' அழுத்தினால் அது அந்தப் பயனருக்கு மட்டும் நிறுவப்படுகிறது. கோப்பு விண்டோஸ் ஃபோல்டரின் 'ஃபான்ட்ஸ்' பகுதிக்குப் போவதில்லை. 'ஆப்டேட்டா'வில் 'லோக்கல்', 'மைக்ரோசாஃப்ட்', 'விண்டோஸ்', 'ஃபான்ட்ஸ்' என்ற வரிசையில் உட்கார்ந்திருக்கும். இதனால் இரண்டு கோளாறுகள் வரும். பழைய கணினியில் விண்டோஸ் ஃபான்ட்ஸ் ஃபோல்டரை மட்டும் காப்பி செய்தால் பாதி எழுத்துருக்கள் விடுபடும். புதியதில் வெறும் 'இன்ஸ்டால்' கொடுத்தால், வேர்டில் தெரியும் எழுத்துரு பேஜ்மேக்கர் போன்ற பழைய மென்பொருளில் தெரியாது.

ஆகவே இரண்டு ஃபோல்டர்களிலிருந்தும் எடுங்கள். 'ஆப்டேட்டா' தெரியாவிட்டால் எக்ஸ்ப்ளோரரின் 'வியூ', 'ஷோ' வழியாக 'ஹிடன் ஐட்டம்ஸ்' டிக் செய்யுங்கள். புதிய கணினியில் எல்லா எழுத்துருக்களையும் மொத்தமாகத் தேர்ந்தெடுத்து, வலது சொடுக்கி, 'ஷோ மோர் ஆப்ஷன்ஸ்' போய் 'இன்ஸ்டால் ஃபார் ஆல் யூசர்ஸ்' கொடுங்கள். திறந்திருந்த மென்பொருள்களை மூடித் திறந்தால்தான் பட்டியலில் வரும்.

எழுத்துரு நிறுவியாயிற்று, வேர்டில் வருகிறது, ஆனால் புதிய இன்டிசைனிலும் இல்லஸ்ட்ரேட்டரிலும் வரவில்லை என்றால் கோப்பின் வகையைப் பாருங்கள். பிஎஃப்பி, பிஎஃப்எம் என்று ஜோடியாக இருந்தால் அது டைப் 1 எழுத்துரு. அடோபி 2023 ஜனவரியில் அந்த வகைக்கான ஆதரவை நிறுத்திவிட்டது. எத்தனை முறை நிறுவினாலும் வராது. அதே எழுத்துருவின் ட்ரூடைப் பதிப்பைத் தேடுங்கள். இல்லையென்றால் அந்தக் கோப்புகளுக்காகவே பழைய கணினியை வைத்துக்கொண்டு, அச்சுக்குப் போகும்போது எழுத்துகளை 'அவுட்லைன்' ஆக்கி பிடிஎஃப் எடுங்கள்.

டாங்கிளோடு வரும் தமிழ் மென்பொருள் 'கீ நாட் ஃபவுண்ட்' என்று நின்றால் டாங்கிள் டிரைவரைப் புதிதாக நிறுவ வேண்டும். அதோடு 'எ டிரைவர் கெனாட் லோட் ஆன் திஸ் டிவைஸ்' என்று விண்டோஸ் சொன்னால் விண்டோஸ் செக்யூரிட்டியின் 'கோர் ஐசொலேஷன்' பகுதியில் உள்ள 'மெமரி இன்டெக்ரிட்டி' அந்தப் பழைய டிரைவரைத் தடுக்கிறது. தயாரிப்பாளரின் புதிய டிரைவரை முதலில் தேடுங்கள். 'மெமரி இன்டெக்ரிட்டி'யை அணைப்பது கடைசி வழி. வங்கி வேலையும் நடக்கும் கணினியில் அதையும் செய்யாமல் இருப்பதே மேல்.

விசைப்பலகைக்கு வருவோம். என்எச்எம் ரைட்டர், இ-கலப்பை போன்ற தனி மென்பொருள் பழகியவர்கள் அதையே நிறுவிக்கொள்ளலாம். தமிழ் 99, அஞ்சல் இரண்டும் விண்டோஸ் 11-இலேயே இருக்கின்றன: 'டைம் அண்ட் லாங்வேஜ்', 'லாங்வேஜ் அண்ட் ரீஜன்' போய்த் தமிழைச் சேர்த்து, அதன் 'லாங்வேஜ் ஆப்ஷன்ஸ்' உள்ளே விசைப்பலகையைத் தேர்ந்தெடுங்கள். தனி மென்பொருள் எல்லா இடத்திலும் தமிழ் அடித்து, ஒரே ஒரு மென்பொருளில் மட்டும் ஆங்கிலம் அடித்தால், அந்த ஒன்று 'அட்மினிஸ்ட்ரேட்டர்' உரிமையில் ஓடுகிறது. குறைந்த உரிமையில் ஓடும் விசைப்பலகை மென்பொருளை விண்டோஸ் அதற்குள் விடாது. இரண்டையும் ஒரே உரிமையில் ஓட்டுங்கள்.

படங்களையும் இணைப்புகளையும் காணவில்லை என்கிறது

இன்டிசைனில் 'மிஸ்ஸிங் லிங்க்ஸ்', எக்செலில் 'அப்டேட் லிங்க்ஸ்' பிழை, டெஸ்க்டாப் ஷார்ட்கட்கள் வெள்ளைக் காகிதமாகத் தெரிவது: மூன்றுக்கும் ஒரே காரணம், முகவரி மாறிவிட்டது.

நம் ஊரில் அசெம்பிள் செய்த பழைய கணினியில் சி, டி, இ என்று பிரித்து வைத்திருப்பார்கள். வேலை எல்லாம் டி-யில் இருக்கும். புதிய மடிக்கணினி ஒரே சி-யோடு வருகிறது. எல்லாவற்றையும் சி-யில் கொட்டிவிட்டு ஒவ்வொரு இணைப்பாகச் சரிசெய்து மாள்வதைவிட, முதலிலேயே 'டிஸ்க் மேனேஜ்மென்ட்' திறந்து, சி-யை வலது சொடுக்கி 'ஷ்ரிங்க் வால்யூம்' கொடுத்து, கிடைத்த இடத்தில் புதிய பகுதி உருவாக்கி டி என்று எழுத்துக் கொடுங்கள். பழைய டி-யில் இருந்த அதே ஃபோல்டர் அமைப்பை அப்படியே அதில் வைத்தால் இணைப்புகள் தாமாகவே பிடித்துக்கொள்ளும். டி எழுத்தைப் பென்டிரைவ் பிடித்து வைத்திருந்தால் அதைக் கழற்றிவிட்டுச் செய்யுங்கள்.

வேலை சி-யிலேயே பயனர் ஃபோல்டரில் இருந்திருந்தால் வேறு ஒரு பொறி. மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து விண்டோஸை அமைத்தால், மின்னஞ்சலின் முதல் ஐந்து எழுத்துகளையே பயனர் ஃபோல்டரின் பெயராக வைத்துவிடும். பழையதில் முழுப் பெயர், புதியதில் வெட்டுப்பட்ட பெயர். பிறகு அந்த ஃபோல்டரின் பெயரை மாற்றப் போனால் கணக்கே குழம்பும். பழைய கணினியில் இருந்த அதே பெயரில் லோக்கல் கணக்கு ஒன்றை முதலில் தொடங்கி, பின்னர் அதை மைக்ரோசாஃப்ட் கணக்கோடு இணைப்பதுதான் சுத்தமான வழி.

டேலி 1, 2, 31 தேதிகளைத் தவிர வேறு எதையும் ஏற்கவில்லை

லைசென்ஸ் இல்லாதபோது டேலி ஓடும் எஜுகேஷனல் மோடின் அடையாளம் இது. தரவு கெடவில்லை, லைசென்ஸ் இன்னும் பழைய கணினியிடம் இருக்கிறது.

பழைய கணினியில் இணையத்தோடு டேலியைத் திறந்து, எஃப்1, 'செட்டிங்ஸ்', 'லைசென்ஸ்' வழியே 'சரண்டர்' கொடுங்கள். பிறகு புதியதில் அதே சீரியல் எண்ணையும் பதிவான மின்னஞ்சலையும் கொடுத்து ஆக்டிவேட் செய்யுங்கள். இந்த மின்னஞ்சல்தான் பல இடங்களில் முட்டுக்கட்டை. வாங்கிக் கொடுத்த டீலரின் மின்னஞ்சலிலோ, எப்போதோ வேலையை விட்டுப் போன கணக்கரின் மின்னஞ்சலிலோ பதிவாகியிருக்கும். கணினியை மாற்றுவதற்கு முன்பே அதைச் சரிபாருங்கள்.

சரியாக ஆக்டிவேட் செய்தும் எஜுகேஷனலே வருகிறதென்றால் டேலியின் டிஎஸ்எஸ் என்ற புதுப்பிப்புச் சந்தா முடிந்திருக்கிறதா என்று பாருங்கள். சந்தா முடிந்த தேதிக்குப் பிறகு வெளியான பதிப்பு அந்த லைசென்ஸில் ஓடாது. இணையத்திலிருந்து ஆகப் புதிய பதிப்பை இறக்கி நிறுவியிருப்பீர்கள். பழைய கணினியில் ஓடிய அதே வெளியீட்டை நிறுவுங்கள், அல்லது சந்தாவைப் புதுப்பியுங்கள்.

கம்பெனி பட்டியல் காலியாக இருந்தால் தரவு ஃபோல்டர் வேறிடத்தில் இருக்கிறது. பழைய கணினியில் கம்பெனியைத் தேர்ந்தெடுக்கும் திரையில் தெரியும் பாதையைக் குறித்துக்கொண்டு, அந்த ஃபோல்டருக்குள் எண்களையே பெயராகக் கொண்ட ஃபோல்டர்களை முழுசாகக் கொண்டுவந்து, புதியதில் 'ஸ்பெசிஃபை பாத்' மூலம் காட்டுங்கள். ஆல்ட்+ஒய் கொடுத்து பேக்கப், ரீஸ்டோர் செய்வதும் சரிதான். இரண்டையும் செய்துவைப்பது இன்னும் சரி. பழைய தரவைப் புதிய பதிப்பு 'மைக்ரேட்' செய்யக் கேட்டால், பேக்கப் கைவசம் இல்லாமல் சம்மதிக்காதீர்கள். மைக்ரேட் ஆன தரவு பழைய பதிப்பில் திறக்காது. வந்து சேர்ந்ததும் இருப்புநிலைக் குறிப்பின் மொத்தத்தை இரண்டு கணினியிலும் ஒப்பிட்டுவிடுங்கள்.

ஜிஎஸ்டி தளத்தில் டிஜிட்டல் கையெழுத்து தெரியவில்லை

டிஜிட்டல் கையெழுத்துச் சான்றிதழின் (டிஎஸ்சி) சாவி யுஎஸ்பி டோக்கனுக்குள்ளேயே இருக்கிறது. பழைய கணினியிலிருந்து மாற்றவேண்டியது எதுவும் இல்லை. இபாஸ் 2003, ப்ராக்ஸ்கீ, எம்டோக்கன் என உங்களுடையது எதுவோ அதன் டிரைவரை முதலில் நிறுவுங்கள். டோக்கன் மென்பொருளில் சான்றிதழும் அதன் காலாவதித் தேதியும் தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்த பிறகே தளத்தையும் டோக்கனையும் இணைக்கும் மென்பொருளை நிறுவுங்கள்: ஜிஎஸ்டி தளத்துக்கு எம்சைனர், வருமான வரித் தளத்துக்கு எம்பிரிட்ஜ். எம்சைனரை 'ரன் ஆஸ் அட்மினிஸ்ட்ரேட்டர்' கொடுத்து ஓட்டுங்கள். தளம் இன்னும் அதைக் காணவில்லை என்றால் ஆன்டிவைரஸின் ஃபயர்வாலைப் பாருங்கள்.

டோக்கன் மென்பொருளில் 'இனிஷியலைஸ்' என்று ஒரு பொத்தான் இருக்கும். அதைத் தொடவே கூடாது. சான்றிதழ் அழிந்துவிடும், புதிதாகக் காசு கொடுத்து வாங்கவேண்டியதுதான். பின் எண்ணையும் உத்தேசமாக அடித்துப் பார்க்காதீர்கள். சில தவறுகளுக்குப் பிறகு டோக்கன் பூட்டிக்கொள்ளும்.

குரோமில் புக்மார்க் வந்தது, கடவுச்சொல் வரவில்லை

குரோமின் ப்ரொஃபைல் ஃபோல்டரைக் காப்பி செய்திருக்கிறீர்கள். புக்மார்க் சாதாரணக் கோப்பு, வந்துவிட்டது. கடவுச்சொற்கள் அந்த விண்டோஸ் கணக்கின் சாவியால் பூட்டப்பட்டவை. 2024-இல் வந்த குரோம் 127 முதல் அந்தப் பூட்டு மேலும் இறுகியிருக்கிறது. ஃபோல்டரை எத்தனை முறை கொண்டுவந்தாலும் அவை திறக்காது. பழைய கணினியில் கூகுள் கணக்கில் 'சிங்க்' போட்டுவிட்டுப் புதியதில் நுழைவது ஒரு வழி. பாஸ்வேர்டு மேனேஜரின் 'செட்டிங்ஸ்' பகுதியில் 'எக்ஸ்போர்ட்' கொடுத்து சிஎஸ்வி கோப்பாக எடுத்து, புதியதில் இம்போர்ட் செய்வது இன்னொரு வழி. அந்த சிஎஸ்வி யார் திறந்தாலும் படிக்கக்கூடிய வெற்று எழுத்து. வேலை முடிந்ததும் பென்டிரைவிலிருந்தும் ரீசைக்கிள் பின்னிலிருந்தும் அழியுங்கள்.

ஃபயர்ஃபாக்ஸில் இந்தத் தொல்லை இல்லை. உலாவியை மூடிவிட்டு ப்ரொஃபைல் ஃபோல்டரை முழுசாகக் கொண்டுவந்தால் கடவுச்சொற்களும் வரும். தண்டர்பேர்டும் அப்படியே.

வாட்சப்புக்கு எதையும் மாற்ற வேண்டாம், கைபேசியில் கியூஆர் குறியைப் படித்தால் போதும்.

அவுட்லுக்கில் பழைய கடிதங்கள் இல்லை

'ஃபைல்', 'அக்கவுன்ட் செட்டிங்ஸ்', 'டேட்டா ஃபைல்ஸ்' என்று போய்க் கோப்பின் வகையைப் பாருங்கள். ஓஎஸ்டி என்றால் அது சர்வரின் நகல். காப்பி செய்து பயனில்லை, கணக்கைச் சேர்த்தாலே மறுபடி இறங்கும். பிஎஸ்டி என்றால் கடிதங்கள் அதற்குள் மட்டுமே இருக்கக்கூடும். அவுட்லுக்கை மூடிவிட்டுக் கோப்பைக் கொண்டுவந்து 'ஓப்பன் அவுட்லுக் டேட்டா ஃபைல்' மூலம் திறங்கள். ஒன்டிரைவ் ஃபோல்டருக்குள் வைக்காதீர்கள்.

கடிதங்களைச் சர்வரிலிருந்து கணினிக்கு இறக்கிக்கொள்ளும் பாப்3 கணக்கு என்றால் இரண்டு கணினியும் ஒரே நேரத்தில் கடிதங்களை இழுத்துக்கொண்டிருக்கும் நிலையைத் தவிருங்கள். பாதி அங்கும் பாதி இங்கும் போய்விடும். விண்டோஸ் 11-உடன் வரும் 'புதிய அவுட்லுக்' பிஎஸ்டி விஷயத்தில் அரைகுறை. உங்கள் ஆஃபீஸில் உள்ள 'கிளாசிக்' அவுட்லுக்கையே திறங்கள். கையொப்பங்கள் 'ஆப்டேட்டா', 'ரோமிங்', 'மைக்ரோசாஃப்ட்', 'சிக்னேச்சர்ஸ்' ஃபோல்டரில் இருக்கும்.

பக்கத்திலேயே வேர்டின் 'டெம்ப்ளேட்ஸ்' ஃபோல்டரில் 'நார்மல்' என்ற கோப்பு இருக்கும். உங்கள் மேக்ரோக்கள், ஸ்டைல்கள் எல்லாம் அதில்தான். எக்செல் மேக்ரோக்களுக்கு 'எக்ஸ்எல்ஸ்டார்ட்' ஃபோல்டரில் 'பர்சனல்' கோப்பு. மேக்ரோ வந்தும் '64-பிட்டுக்கு ஏற்ப மாற்றவேண்டும்' என்று பிழை வந்தால், பழையது 32-பிட் ஆஃபீஸ், புதியது 64-பிட். குறிமுறையைத் திருத்த ஆள் இல்லையென்றால் ஆஃபீஸை நீக்கிவிட்டு 32-பிட் பதிப்பையே நிறுவுங்கள்.

பிரின்டர் பட்டியலில் இருக்கிறது, தாள் வரவில்லை

கேனன் எல்பிபி2900, எச்பி லேசர்ஜெட் 1020 போன்றவை தாமாக எதையும் அச்சிடத் தெரியாதவை. பக்கத்தை உருவாக்கித் தருவது டிரைவர்தான். தயாரிப்பாளரின் 64-பிட் டிரைவரை இறக்கி, கேபிளைக் கழற்றி வைத்துவிட்டு நிறுவலைத் தொடங்கி, கேட்கும்போது மட்டும் மாட்டுங்கள். முன்பே மாட்டியிருந்தால் பட்டியலில் உள்ளதை நீக்கிவிட்டு மறுபடி செய்யுங்கள். அப்படியும் வரிசையில் நின்றால் 'பிரின்டர் ப்ராப்பர்ட்டீஸ்', 'போர்ட்ஸ்' பகுதியில் யுஎஸ்பி போர்ட் டிக் ஆகியிருக்கிறதா என்று பாருங்கள். 'விண்டோஸ் ப்ரொடெக்டட் பிரின்ட் மோட்' யாராவது போட்டிருந்தால் இந்த டிரைவர்கள் எதுவும் வேலை செய்யாது, அதை அணையுங்கள்.

மற்றக் கணினியின் ஷேர் ஃபோல்டர் திறக்கவில்லை

விண்டோஸ் 11-இன் 24எச்2 ப்ரோ பதிப்பு, கடவுச்சொல் இல்லாத விருந்தினர் நுழைவை ஏற்பதில்லை. பாதுகாப்பைத் தளர்த்தும் யோசனைகள் இணையத்தில் கிடைக்கும், அவை வேண்டாம். ஃபோல்டரைப் பகிரும் கணினியில் கடவுச்சொல்லோடு ஒரு பயனரை உருவாக்கி, அந்தப் பெயரைக் கொண்டே நுழையுங்கள். திரையைத் திறக்கும் பின் எண் நெட்வொர்க்கில் செல்லாது, கடவுச்சொல்தான் வேண்டும்.

'பழைய கணினியிலிருந்து மீட்கவா' என்ற திரை வரவே இல்லை

விண்டோஸ் பேக்கப் செயலியின் மீட்புத் திரை, புதிய கணினியை முதன்முதலில் அமைக்கும்போது மட்டுமே வரும். தனிப்பட்ட மைக்ரோசாஃப்ட் கணக்காகவும் இருக்க வேண்டும். அந்தக் கட்டத்தைத் தாண்டிவிட்டால் 'ரிசெட் திஸ் பிசி' கொடுத்து மறுபடி தொடங்குவதுதான் வழி. அதுவும் வைஃபை கடவுச்சொற்கள், வால்பேப்பர், செயலிகளின் பட்டியல் ஆகியவற்றைத்தான் தரும். ஸ்டார்ட் மெனுவில் ஐகான் தெரிந்தாலும், அழுத்தினால்தான் அந்தச் செயலி இறங்கத் தொடங்கும். இரண்டு மணி நேர வேலையை இதற்காகத் திரும்பச் செய்வது வீண்.

பழையதைக் கைமாற்றும் முன்

டேலி சரண்டர் ஆகிவிட்டதா, அடோபி கணக்கிலிருந்து வெளியேறியாயிற்றா என்று பாருங்கள். அடோபி ஒரே நேரத்தில் இரண்டு கணினிகளைத்தான் அனுமதிக்கும். கணினியோடு வந்த ஓஇஎம் விண்டோஸ் அதன் மதர்போர்டோடு போகட்டும், அதைக் கழற்ற முடியாது. பிறகு 'ரிசெட் திஸ் பிசி', 'ரிமூவ் எவ்ரிதிங்' என்று போய், 'சேஞ்ச் செட்டிங்ஸ்' உள்ளே 'கிளீன் டேட்டா' இயக்கத்தில் இருக்கும்படி வைத்துத் தொடங்குங்கள். ஹார்ட் டிஸ்க் என்றால் பல மணி நேரம் ஓடும். மடிக்கணினியாக இருந்தால் சார்ஜரை மாட்டிவிட்டு விடுங்கள், பாதியில் அணைந்தால் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.